நிற்கும் வண்டிக்கு வேண்டிய காற்று

அம்பாசடர் போன்ற பழைய வண்டியொன்றை ஓடும் நிலையில் பேணி வருபவர்களுக்குச் சித்திரை பிறந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. எஞ்சினோடு வந்த இரும்பு விசிறியே போதுமா, மின்விசிறிக்கு மாறிவிடலாமா? கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு விடை கிடைக்கும். விடை சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணத்தால் கொதித்த வண்டியைப் பார்த்தவர்கள். தாம் கண்ட கோளாறுக்கு உரிய மருந்தைச் சொல்கிறார்கள். எனவே எந்த விசிறி என்று கேட்பதற்கு முன், விசிறி எதற்காக அங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பம், தோராயமாகச் சொன்னால், மூன்று வழியில் பிரிகிறது. ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மீதமுள்ள பங்கு சிலிண்டர்ச் சுவரின் வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரின் வெப்பத்தை ஏந்திக் காற்றிடம் ஒப்படைப்பதே ரேடியேட்டரின் பணி. பெயர் கதிர்வீச்சைக் குறித்தாலும், அங்கே கதிராக வெளியேறும் வெப்பம் சொற்பம்; குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடுகளைத் தொட்டுச் செல்லும் காற்றுதான் ஏறக்குறைய எல்லாச் சுமையையும் சுமக்கிறது. காற்று நின்றால் ரேடியேட்டர் வெறும் தண்ணீர்த் தொட்டி.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? வண்டி ஓடும்போது ஓட்டமே காற்றைக் கொண்டுவந்து தருகிறது. ஏறத்தாழ 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், நல்ல நிலையிலுள்ள ரேடியேட்டருக்கு கிரில் வழியாக நுழையும் காற்றே போதும். விசிறி சுழன்றாலும் சுழலாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. விசிறியின் தேவை வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான். இது இன்று நேற்று அறிந்த உண்மை அன்று. 1901-இல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில் 8,070 சிறு சதுரக் குழாய்களைக் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டர் பொருத்தப்பட்டது. குறைந்த வேகத்தில் காற்றுப் போதாமல் போகும் என்பதற்காகவே அதன் பின்னால் ஒரு சிறு விசிறியும் வைக்கப்பட்டது. விசிறிக்கு அன்று தரப்பட்ட வேலை இன்றும் மாறவில்லை.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதற்கு முன், எப்போது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். சிக்னலில் நிற்கையில் முள் ஏறி, சாலை திறந்ததும் இறங்கினால், குறை காற்றில் இருக்கிறது. விசிறியைப் பற்றிப் பேசலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறினால், உலகின் மிகச் சிறந்த விசிறியாலும் பயனில்லை. அங்கே உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர் குழாய்கள், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பெட்ரோல் குறைந்த கலவை, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், கசியும் ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கும். போர்த் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மின்விசிறி மாட்டியும் கொதிக்கிறது என்று வருந்தும் வண்டிகளில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் செலவழிக்க வேண்டிய இடம் ரேடியேட்டர் பட்டறை.

குறை காற்றில்தான் என்று உறுதியானபின் அடுத்த அடுக்குக்கு வரலாம். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் விசிறி வாட்டர் பம்பின் முகப்பில் அமர்ந்து, டைனமோவைச் சுழற்றும் அதே பெல்ட்டால் சுழல்கிறது. எஞ்சின் வேகமே அதன் வேகம். ஆகவே ஐட்லிங்கில், அதாவது காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது மிக மெதுவாகச் சுழல்கிறது. நெடுஞ்சாலையில், தேவையே இல்லாதபோது, மிக வேகமாகச் சுழல்கிறது. விசிறிகளின் இயல்பு இந்த முரணைக் கூர்மையாக்குகிறது. தள்ளப்படும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆனால் அதற்காக உறிஞ்சப்படும் திறன் வேகத்தின் முப்படியாகக் கூடும். 700 சுற்றிலிருந்து 4,000 சுற்றுக்கு எஞ்சின் ஏறும்போது காற்று ஏறத்தாழ ஆறு மடங்குதான் ஆகிறது. விசிறி கேட்கும் திறனோ 180 மடங்கைத் தாண்டுகிறது. ஐட்லிங்கில் 10 வாட் கேட்கும் விசிறி என்று வைத்துக்கொண்டால், மேல் வேகத்தில் அது 1,800 வாட்டுக்கு மேல், அதாவது இரண்டரைக் குதிரைத்திறன் கேட்கும். மொத்தமே ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தரும் எஞ்சினுக்கு இது சிறிய வரி அன்று. நெடுஞ்சாலையில் அந்தப் பழைய எஞ்சினிலிருந்து எழும் இரைச்சலில் ஒரு பங்கு விசிறியுடையது.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்பாசடரின் மூலம் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் கௌலி தொழிற்சாலையில் உருவான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அந்த ஊரில் ஜூலை மாதப் பகல் வெப்பமே சராசரியாக 22, 23 டிகிரிதான். ரேடியேட்டர் கைவிடும் வெப்பம், தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. தண்ணீர் 85 டிகிரியில் இருந்தால், அங்கே வேறுபாடு 62 டிகிரி. கத்திரி வெயிலில் 40 டிகிரி காற்றை உள்ளிழுக்கும் சென்னையில் அது 45 டிகிரி. அதே ரேடியேட்டர், அதே விசிறி, அதே வேகம். திறனில் கால் பங்குக்கு மேல் காற்றோடு போய்விட்டது. தார்ச்சாலையின் அனலும் முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் சேர்ந்து கிரிலில் நுழையும் காற்று 45 டிகிரியானால் இழப்பு மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான இந்த வண்டி நம் கோடைகளைத் தாங்கவே செய்தது. ஆனால் தாங்கியதற்கும் ததும்பியதற்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்ததில்லை.

ஆயினும் உடனே பெரிய விசிறிக்குத் தாவ வேண்டியதில்லை. முதலில், இருக்கும் விசிறி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்போம். பெல்ட் தளர்ந்திருந்தால் விசிறியும் பம்பும் ஒருசேர வழுக்கும். வாட்டர் பம்ப் மாற்றியபோது விசிறியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் செல்லும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இதழின் வளைவு தலைகீழாகிவிடுவதால் காற்றின் அளவு மட்டும் குறைந்துவிடும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே உறை, மெக்கானிக்குகள் ஷ்ரவுட் என்று சொல்வது, பல பழைய வண்டிகளில் இருப்பதில்லை.

உறையின் அருமை அதைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கே தெரியும். அது இல்லாதபோது விசிறி தன் வட்டத்துக்கு நேரெதிரே உள்ள பரப்பிலிருந்து மட்டும் காற்றை இழுக்கிறது. ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா இருக்கின்றன. அதைவிடக் கேடானது, எளிய வழியைத் தேடும் காற்று, ரேடியேட்டரின் தகடுகளுக்குள் நெருக்கி நுழைவதற்குப் பதில் விசிறியின் விளிம்பைச் சுற்றிப் பானெட்டுக்குள்ளேயே சுழல்கிறது. எஞ்சினைத் தொட்டுச் சூடான காற்றே மீண்டும் மீண்டும் வருகிறது. அடுப்பங்கரையில் வாயால் ஊதுவதற்கும் ஊதுகுழல் வைத்து ஊதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மூச்சு ஒன்றே, போய்ச் சேரும் இடம் வேறு. தகரத்தில் ஓர் உறை செய்து, ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடி, விசிறிக்கு மட்டும் வட்டத் திறப்பு விட வேண்டும். இதழ்களின் அகலத்தில் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது நல்ல அமைப்பு. இதழ் நுனிக்கும் உறைக்கும் இடையே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போதும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் அசையும் என்பதால் அதற்கும் குறைவாக வைப்பது ஆபத்து. ரேடியேட்டரின் இருபுறமும் மேலும் உள்ள இடைவெளிகளை ரப்பர் பட்டைகளால் அடைத்துவிட்டால் வெந்த காற்று முன்பக்கம் திரும்பி வராது. என் கருத்தில், ஏசி இல்லாத அம்பாசடருக்கு இந்தத் தகர வேலையும் சுத்தமான ரேடியேட்டரும் போதும். விசிறி மாற்றும் எண்ணத்தையே பல வண்டிகளில் இது தேவையற்றதாக்கிவிடுகிறது.

இனி அளவு. எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கடைப்பட்டியலில் தேடாமல் நாமே கணக்கிடலாம். ஐட்லிங்கில் இந்த எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவில் பெட்ரோல் எரிக்கிறது என்று கொள்வோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 யூனிட் வெப்பம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு என்றால் 3 கிலோவாட். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி சூடேறும்போது சுமார் 34 கிலோஜூல் எடுத்துச் செல்லும். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 கன அடிக் காற்று போதும் என்று வருகிறது. நிமிடத்துக்கு 2,500, 3,000 கன அடி என்று விளம்பரப்படுத்தப்படும் விசிறிகளைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஏசி சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, தானும் ஏறத்தாழ 6 கிலோவாட் வெப்பத்தை அதே காற்றில் கொட்டுகிறது; கம்ப்ரஸரைச் சுழற்ற எஞ்சினும் கூடுதலாக எரிக்கிறது. மொத்தம் 10 கிலோவாட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 600 கன அடிக்கு மேல் வேண்டும். அதோடு, விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. ரேடியேட்டரும் கண்டென்சரும் எதிரே நிற்கும்போது அதில் பாதி கிடைத்தால் நல்லது. ஆகவே 1,200 கன அடிக்குக் குறையாத ஒரு மின்விசிறி, அதாவது தரமான 12 அல்லது 14 அங்குல விசிறி, ஏசி உள்ள அம்பாசடருக்குப் பொருந்தும். மின்விசிறி தன் தகுதியை உண்மையாக நிலைநாட்டும் இடம் இதுவே. எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் தான் முழு வேகத்தில் சுழலும். நெடுஞ்சாலையில் தானே ஓய்ந்துவிடும்.

மின்விசிறி என்றதும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பின்தொடர வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் அடி சறுக்குகிறது. 12 அங்குல விசிறி ஓடும்போது 8 முதல் 12 ஆம்பியர் வரை எடுக்கும். 16 அங்குலமானால் 20-ஐத் தாண்டும். தொடங்கும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு. பழைய வண்டியின் லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் சுழலும்போதே அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும். ஐட்லிங்கிலோ அது ஏறத்தாழ ஒன்றும் தருவதில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவதன் பொருள் அதுதான். விசிறி ஓட வேண்டிய நேரமும் டைனமோ உறங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. முகவிளக்குகள், ஏசி ப்ளோயர், விசிறி மூன்றும் ஒருங்கே ஓடும் மாலை நெரிசலில் சுமை முழுவதும் பேட்டரியின் தலையில் விழும். மறுநாள் காலை செல்ஃப் இழுக்காது.

அம்பாசடர் எஞ்சினின் அதே பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் கொண்ட எம்ஜிபி காரின் வரலாறு இதற்குச் சான்று. அதில் 1967-இன் இறுதியில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சினால் சுழலும் விசிறி போய் மின்விசிறி வந்தது 1970-களின் பிற்பகுதியில்தான். தயாரித்தவர்களே பின்பற்றிய இந்த வரிசையைத் தலைகீழாக்க நமக்குக் காரணம் எதுவும் இல்லை. முதலில் 45 ஆம்பியர் அளவிலாவது ஓர் ஆல்டர்னேட்டர். அதன் பின்னரே மின்விசிறி. டைனமோவையே வைத்திருக்க விரும்புவோர், மூலத்தைப் பேணும் அந்த விருப்பம் மதிப்பிற்குரியது, இரும்பு விசிறியோடு உறையைச் சேர்த்துக்கொள்வதே முறை.

பொருத்துதலில் கவனிக்க வேண்டியவை சில. ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கமாக நின்று காற்றை இழுக்கும் விசிறியே மேல். முன்னால் நின்று தள்ளும் விசிறி, ஓட்டத்தில் வரும் காற்றுக்குத் தானே தடையாகிறது. பின்னால் இடமில்லாதபோது மட்டும் அதை நாட வேண்டும். மாருதி 800 போன்ற வண்டியிலிருந்து எடுத்த விசிறியை மாட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. மோட்டாரும் இதழும் உறையும் ஒன்றாகவே கிடைக்கும் என்றால் அது நல்ல யோசனைதான். இழுக்கும் விசிறியைத் தள்ளும் விசிறியாக்க வேண்டுமானால் கம்பிகளை மாற்றினால் மட்டும் போதாது, இதழையும் திருப்பி மாட்ட வேண்டும். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இணைக்கப்பட்டிருந்தால், இணைப்பைப் பாராமல் மாட்டிய விசிறி எதிர்த்திசையில் சுழலும். அது சுழல்வதைக் கண்டு நிறைவடையாமல், ஒரு காகிதத்தைக் கிரிலின் முன் பிடித்து அது உள்ளே ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரேடியேட்டரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் ஊசிகளைச் செருகி விசிறியைத் தொங்கவிடும் முறையை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்வில் ஊசி தேய்த்துத் தேய்த்து ஒருநாள் குழாயைத் துளைக்கும். இரும்புப் பட்டையில் சட்டம் செய்து ரேடியேட்டரின் பக்கத் தாங்கிகளில் பூட்டுவதே நிலைக்கும்.

விசிறியை எப்போது எழுப்புவது என்பது நுட்பமான அடுக்கு. எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவது என்றால், முழுவதும் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். விசிறியின் வெப்ப ஸ்விட்ச் அதைவிடக் கீழே, 80 டிகிரியில் இயங்கினால், விசிறி ஓயாது ஓடும். தண்ணீரின் வெப்பத்தைத் தீர்மானிப்பது அப்போதும் தெர்மோஸ்டாட்டே என்பதால் பயன் இராது. ரேடியேட்டரின் மேற்பக்கத்தில் பொருத்தினால் 92, 95 டிகிரி அளவில் எழுந்து 87 அளவில் ஓயும் ஸ்விட்ச் ஏற்றது. கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்தது. அங்கே பொருத்தினால் அளவைக் குறைக்க வேண்டும். 95 என்றதும் அஞ்ச வேண்டாம்: 7 பவுண்டு அழுத்த மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பதினோரு டிகிரியும் போய்விடும். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது எஞ்சினைக் குறைந்த சூட்டில் ஓடவைத்து எண்ணெயில் கசடு சேர்க்கும். அதை மீண்டும் மாட்டிய பிறகே ஸ்விட்ச்சின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மின்னோட்டத்தை ஸ்விட்ச் வழியே நேரே செலுத்தாமல் 30 ஆம்பியர் ரிலே வழியே செலுத்த வேண்டும். ரிலேக்கு வரும் கம்பி 4 சதுர மில்லிமீட்டர், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ். ரிலேயின் கட்டுப்பாட்டுக் கம்பியை இக்னிஷனோடு இணைப்பதே எனக்கு உடன்பாடு. சாவியை எடுத்தபின் பம்ப் நின்றுவிடுவதால், ஓடும் விசிறி ரேடியேட்டரிலுள்ள தண்ணீரை மட்டும் குளிர்விக்கும். எஞ்சினுக்கு அதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

சிலிக்கோன் எண்ணெயின் பிடிப்பால் சுழலும் விஸ்கஸ் விசிறி அழகான ஏற்பாடு. வெப்பம் ஏறும்போது மட்டும் பற்றிக்கொள்ளும். ஆனால் அதன் எடையையும் நீளத்தையும் தாங்க இந்தச் சிறிய பம்ப் வடிவமைக்கப்படவில்லை. வேகத்தில் இதழ் தட்டையாகும் மெல்லிய தகட்டு விசிறிகளும் உண்டு. வளைந்து நிமிரும் தகடு என்றேனும் விரிசல் விடும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

இரும்பு விசிறியை முற்றிலும் அகற்றுவோர் ஒன்றை இழக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது ரேடியேட்டரை மட்டும் கவனித்ததில்லை. எஞ்சினின் உடல்மீதும் பெட்ரோல் பம்பின்மீதும் கார்புரேட்டரின்மீதும் ஓயாமல் காற்றை வீசிக்கொண்டிருந்தது. கோடையில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோக, ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்த ஓட்டுநர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மின்விசிறி தண்ணீரின் சூட்டுக்கு மட்டுமே செவிசாய்க்கும். அது ஓய்ந்திருக்கும் இடைவேளைகளில் பானெட்டுக்குள் காற்று அசையாது. ஆகவே மாற்றும்போது பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, நடுவே ஒரு தகரத் தடுப்பும் வைத்துவிட வேண்டும். விசிறியை எடுத்தபின் பம்பின் புல்லியைப் பூட்ட அதே நீண்ட போல்ட்டுகள் ஆகா. விசிறியின் தடிப்பு போன அளவுக்குக் குட்டையானவை வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் பிடிக்காமல் புல்லி ஆடும், அல்லது முனை பின்னால் நீண்டு பம்பின் உடலை உரசும்.

எல்லாம் பொருத்தியபின் சோதனையைக் காலைக் குளிரில் செய்வதில் பயனில்லை. நண்பகலில், வெயிலில், காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி, ஏசியையும் முகவிளக்குகளையும் போட்டு இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். விசிறி எழுந்து, முள்ளை இறக்கி, தானே ஓய்ந்து, மீண்டும் எழ வேண்டும். எழுந்தது ஓயவே இல்லையென்றால் காற்றுப் போதவில்லை, அல்லது உறையின் ஓரம் கசிகிறது. அதே வேளையில் பேட்டரியின் முனைகளில் மீட்டரை வையுங்கள். விசிறி ஓடும்போதும் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12.5-க்கு வந்துவிட்டால் விசிறி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஐட்லிங்கைச் சற்று உயர்த்தியோ ஆல்டர்னேட்டரின் புல்லியைச் சிறிதாக்கியோ பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.